கிணற்று நீரும் கர்ப்பிணிகளின் க்ஷேமமும்

(சிவகாசிப் பட்டாசுத் தொழில் வட்டாரத்துப் பட்டாதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கவனிக்கத்தக்கது)

விருதுநகர் ஜில்லாவின் பெரும்பகுதி வானம் பார்த்த கரிசல் பூமியாகும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் வருஷத்தில் சில நாட்களே நீர் கண்டு, மற்ற நாட்களில் வெறும் மணலாய்க் கிடப்பவை. கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிடில் பருத்தி, சோளம், கம்பு, மக்காச்சோளம், மிளகாய் என்பதே இச்சீமையின் வெள்ளாமை முறை. ஆகவே இங்குள்ள சம்சாரிக்குக் கிணறே முதல் ஆஸ்தி. எந்தக் கிணறு உவர்ப்பு, எது நன்னீர், எது கோடையில் வற்றும், எது ஊற்றுக் குறையாது என்பதை அவர் தமது முன்னோர் வழியாக அறிவார். ஆயினும், நாவினாலும் கண்ணினாலும் மூக்கினாலும் அறிய முடியாத பொருளொன்று கிணற்று நீரில் கலந்திருக்குமாயின், அதை அறிய அவருக்கு வழியில்லை.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் ஆகிய தாலுகாக்களில் பட்டாசுச் சாலைகளும் தீப்பெட்டிச் சாலைகளும் புஞ்சைகளின் நடுவே அமைந்துள்ளன. இத்தொழிலின் அபாயம் என்றவுடன் யாவருக்கும் நினைவுக்கு வருவது வெடி விபத்தே. 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் ஏறக்குறைய 40 பேர் உயிர் துறந்ததைத் தேசமே அறிந்தது. வெடிச் சப்தம் பல மைல் கேட்கும். சப்தமின்றி மண்ணில் இறங்கி, கிணற்றை அடைந்து, கர்ப்பிணியின் தேகத்தின் வழியே கருவிலிருக்கும் சிசுவை எட்டக்கூடிய அபாயம் ஒன்றும் இத்தொழிலில் உண்டு. அதைப்பற்றிச் சாஸ்திரம் அறிந்துள்ளவற்றையும், நிலமும் கிணறும் உடையவர்கள் செய்யக்கூடியவற்றையும் இங்கே காண்போம்.

பழைய பாடம் ஒன்று

தீப்பெட்டித் தொழில் ஸ்திரீகளின் தேகத்தைப் பாதித்த வரலாறு சிவகாசிக்கு முற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சியின் தலைக்கு வெள்ளைப் பாஸ்பரஸ் என்னும் பொருளை உபயோகித்தனர். அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த பெண்களுக்குப் பல் வழியாகத் தாடை எலும்பு அழுகும் கொடிய நோய் உண்டாயிற்று. 1888-ம் வருஷம் லண்டன் நகரத்துத் தீப்பெட்டிச் சாலையொன்றில் ஏறக்குறைய 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோதுதான் இந்நோயின் கொடுமை உலகத்தார் கவனத்துக்கு வந்தது. அதன் பின்னரும் 18 வருஷங்கள் கழிந்து, 1906-ல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பெர்ன் நகரில் கூடிய மகாநாட்டில், வெள்ளைப் பாஸ்பரஸை விலக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியாவில் 1913-ம் வருஷத்தில் அதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது.

சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பி, 1923-ல் தொழிலைத் தொடங்கினர். சட்டம் பத்து வருஷத்துக்கு முன்னரே வந்துவிட்டபடியால், லண்டன் பெண்களுக்கு நேர்ந்த தாடை நோய் சிவகாசிப் பெண்களை அணுக இடமில்லாமற் போயிற்று. முதலில் நோயைக் கண்டு, பிறகு வருந்தி, அதன் பின்னர் பரிகாரம் தேடுவது ஒரு வழி. நஞ்சின் குணத்தை முன்னரே அறிந்து, நோய் தோன்றுமுன் காப்பது மற்றொரு வழி. சிவகாசிச் சீமை ஒருமுறை இரண்டாவது வழியின் பலனை அடைந்திருக்கிறது. இப்போது கிணற்று நீர் விஷயத்திலும் அவ்வழியையே பற்றுதல் நலம்.

பெர்குளோரேட் என்னும் உப்பு

பட்டாசு எரிவதற்குப் பிராணவாயுவைத் தன்னுள் அடக்கிய உப்பு ஒன்று வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட் என்னும் வெடியுப்பு அவற்றுள் ஒன்று. பொட்டாசியம் பெர்குளோரேட் மற்றொன்று. குளோரேட்டையும் கந்தகத்தையும் கலந்த வெடிமருந்து உராய்வினால் எளிதில் வெடிப்பதாகையால், அக்கலவை 1992-ல் இந்திய சர்க்காரால் தடைசெய்யப்பட்டது. பெர்குளோரேட் அவ்வளவு எளிதில் வெடிப்பதன்று. ஆனால் தொழிலாளியின் கைக்கு நல்லதாக அமைந்த அதே நிதானம் நிலத்தடி நீருக்குத் தீதாக முடிகிறது.

எங்ஙனமெனில், பெர்குளோரேட் நீரில் கரைந்தபின் லேசில் சிதைவதில்லை. மண்ணின் துகளோடு ஒட்டி நிற்பதுமில்லை. நீர் செல்லும் இடமெல்லாம் தானும் செல்லும். வெயிலில் ஆவியாகிப் போவதில்லை. காய்ச்சினால் ஒழியாது, நீர் சுண்டுவதால் அதன் செறிவு அதிகமாகவே செய்யும். துணியில் வடிகட்டுதலும், தேற்றாங்கொட்டை இட்டுத் தெளியவைத்தலும், குளோரின் கலத்தலும் இதன்முன் பயன்படா. எதிர்ச் சவ்வூடு முறையில் நீரைச் சுத்திசெய்யும் யந்திரமும், இதற்கெனவே செய்யப்பட்ட அயனிமாற்றுப் பிசினும் மாத்திரமே இதை நன்கு நீக்க வல்லவை. காற்றுப்படாத சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள் இதைச் சிதைக்கும்; ஆயினும் கிணற்றின் தெளிந்த நீரில் அவற்றின் வேலை நடைபெறுவதில்லை.

அளவைப்பற்றியும் சிறிது அறிதல் வேண்டும். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கியதில் ஒரு பங்கு. அமெரிக்க தேசத்துச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் ஆலோசனையாக வகுத்த அளவு, குடிநீர் லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் பெர்குளோரேட் ஆகும். உலகச் சுகாதார ஸ்தாபனம் 2017-ல் குறித்த வழிகாட்டி அளவு லிட்டருக்கு 70 மைக்ரோகிராம். கலிபோர்னியா ராஜ்யம் 2007-ல் 6 என்றும், மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யம் 2006-ல் 2 என்றும் தத்தம் குடிநீருக்கு இதனினும் கடுமையான எல்லையை வகுத்தன.

எட்டு மீட்டர் சதுரமும் ஐந்து மீட்டர் நீர் ஆழமும் உள்ள தோட்டக் கிணற்றில் 3,20,000 லிட்டர் நீர் இருக்கும். அந்த நீர் முழுவதையும் லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்னும் அளவுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 7 கிராம் பொட்டாசியம் பெர்குளோரேட் போதும். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான மருந்து. கூட்டித் தள்ளிய மருந்துத் தூளும், கழித்த பட்டாசும், பாத்திரம் கழுவிய நீரும் வருஷக்கணக்காய் மண்ணில் சேருமிடத்தில் இந்த அளவு எவ்வளவு எளிதில் நிரம்பும் என்பதைப் பட்டாதாரர்கள் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கழுத்துச் சுரப்பியும் கருவும்

பெர்குளோரேட் தேகத்தில் செய்யும் காரியம் இன்னதென்பது வைத்திய சாஸ்திரத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டுள்ளது. கழுத்தின் முன்புறத்தில் தைராய்டு என்னும் சுரப்பி இருக்கிறது. அது இரத்தத்திலுள்ள அயோடினை இழுத்துக்கொண்டு, தேக வளர்ச்சிக்கும் மூளை வளர்ச்சிக்கும் இன்றியமையாத ஒரு ரசத்தை உண்டாக்குகிறது. அயோடின் நுழையும் வாயிலில் பெர்குளோரேட் முந்திக்கொண்டு நின்று அயோடினைத் தடுத்துவிடும். இந்தக் குணத்தை வைத்தே, தைராய்டு அளவுமீறி வேலை செய்யும் நோயாளிகளுக்கு 1950-களில் வைத்தியர்கள் பொட்டாசியம் பெர்குளோரேட்டை மருந்தாகக் கொடுத்தனர். இரத்த உற்பத்தி குன்றிச் சிலர் இறந்தமையால், அவ்வழக்கம் பின்னர் பெரும்பாலும் கைவிடப்பட்டது. மருந்தாகக் கொடுத்த அளவு கிணற்று நீரில் காண்பதைவிடப் பன்மடங்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் அது கொடுக்கப்பட்டது நோயாளிகளுக்கு. கிணற்று நீரை அருந்துவோரில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உளர்.

கர்ப்பிணியின் நிலை தனியானது. கருவிலுள்ள சிசுவின் தைராய்டு ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரத்தில்தான் வேலை தொடங்குகிறது. அது தன் தேவைக்குப் போதிய ரசத்தை உண்டாக்கப் பதினெட்டு, இருபது வாரமாகும். அதுவரையில் சிசுவின் மூளை தாயின் தைராய்டு ரசத்தையே நம்பி வளர்கிறது. தாயின் தைராய்டு முன்னிலும் ஏறக்குறைய பாதி அதிகமாக வேலை செய்ய நேரிடும் காலம் இதுவே. அமெரிக்க வைத்தியர்கள் 1999-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், கர்ப்ப காலத்தில் தைராய்டு குறைவு இருந்தும் சிகிச்சை பெறாத தாய்மாரின் குழந்தைகள், ஏழு முதல் ஒன்பது வயதில் அறிவுத்திறன் பரீக்ஷையில் மற்றக் குழந்தைகளைவிடச் சராசரி 7 புள்ளிகள் குறைவாகப் பெற்றதாகக் கண்டனர். அந்தத் தாய்மாருக்குக் குறைவு ஏற்பட்ட காரணம் வேறாயினும், குறைவின் பலன் இன்னதென்பது அதனால் விளங்குகிறது.

அயோடின் போதுமான அளவு தேகத்தில் இருப்பின், பெர்குளோரேட் ஓரளவு தடுத்தாலும் தைராய்டு சமாளித்துக்கொள்ளும். அயோடின் குன்றியிருப்பின் சிறிய தடையும் பெரிதாகும். 2006-ல் அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி இதைக் காட்டிற்று. 2,820 பேருடைய சிறுநீரைச் சோதித்தபோது யாவரிடத்திலும் பெர்குளோரேட் காணப்பட்டது. அவர்களுள் அயோடின் குறைந்த ஸ்திரீகளிடத்தில், பெர்குளோரேட் ஏற ஏறத் தைராய்டு ரசம் குறைந்து வருவது புலப்பட்டது. ஆடவரிடத்தில் அத்தகைய மாறுதல் காணப்படவில்லை. ஆகவே ஒரே கிணற்று நீரைக் குடிக்கும் குடும்பத்தில் ஆடவர் யாதொரு குறையுமின்றி இருப்பது, அந்த நீர் மருமகளுக்கும் அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் நல்லது என்பதற்குச் சாட்சியாகாது.

சிவகாசி நீரில் கண்டவை

ஜப்பான் தேசத்து ஆராய்ச்சியாளரும் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளரும் கூடிச் சிவகாசியிலும் மதுரையிலும் நீர் மாதிரிகள் எடுத்துச் சோதித்து, அதன் முடிவை 2013-ல் வெளியிட்டனர். இவ்வட்டாரத்து நீரில் பெர்குளோரேட்டை அளந்த முதல் ஆராய்ச்சி அதுவே. நிலத்தடி நீரில் 60 மாதிரிகள் எடுக்கப்பட்டன. சிலவற்றில் அப்பொருள் கருவிக்கு அகப்படாத அளவே இருந்தது. மிக அதிகமானதில் லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம் இருந்தது. இது மேலே கூறிய 15 என்னும் அளவுக்கு ஐந்நூறு மடங்குக்கு மேல். உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் அளவுக்கும் நூறு மடங்குக்கு மேல். சிவகாசியில் எடுத்த 57 மாதிரிகளில் 17 மாதிரிகள் 15-ஐத் தாண்டியிருந்தன. மதுரையில் எடுத்தவற்றுள் ஒன்றேனும் தாண்டவில்லை. தொழிற்சாலைகள் உள்ள இடத்துக் கிணறுகளிலேயே அளவு மிகுந்திருந்தமையால், பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் தொழில்களே இதற்கு மூலம் என்று ஆராய்ச்சியாளர் தீர்மானித்தனர்.

இந்த எண்களிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்கும். முதலாவது, சிவகாசி வட்டாரத்துக் கிணறுகள் யாவும் கெட்டுவிட்டன என்று அஞ்சுவது தவறு; சோதித்தவற்றுள் பத்தில் ஏழு பங்கு அந்த எல்லைக்குள்ளேயே இருந்தன. இரண்டாவது, ஒரு கிணற்றின் நிலையை வைத்து அடுத்த கிணற்றின் நிலையைச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தே அறிதல் வேண்டும். குழாய் நீரில் எடுத்த மூன்று மாதிரிகளிலும் அளவு 0.063 முதல் 0.393 மைக்ரோகிராம் வரையிலேயே இருந்தது என்பது ஆறுதலான செய்தி.

மேற்படி ஆராய்ச்சி நீரை அளந்ததேயன்றி மனிதர்களைச் சோதித்ததன்று. மக்களின் தேக நலத்தைக் குறித்து மேலும் ஆராய்தல் அவசியம் என்று அதன் ஆசிரியர்களே எழுதியுள்ளனர். ஆகவே எந்த ஊரிலும் குறிப்பிட்ட ஒரு பெண்ணின் நோய்க்குக் கிணற்று நீரே காரணமென்று கூறுவதற்கு இதனைக்கொண்டு இடமில்லை; கிணற்றைக் கவனியாது விட்டுவிடவும் இடமில்லை.

பயிரும் பாலும்

கிணற்று நீர் குடிக்க மாத்திரம் உபயோகப்படுவதன்று. அமெரிக்காவில் நெவாடா ராஜ்யத்து ரசாயனச் சாலைகளிலிருந்து கசிந்த பெர்குளோரேட் கொலராடோ நதியில் கலந்திருப்பது 1997-ல் கண்டறியப்பட்டது. அந்நதி நீர் பாய்ந்த வயல்களின் இலைக்கறிகளிலும் அது பின்னர் காணப்பட்டது. பயிர் வேரினால் நீரை உறிஞ்சி இலை வழியே ஆவியாக விடும்போது, நீர் போய்விட, உப்பு இலையில் தங்குகிறது. ஆதலால் கீரை வகைகளிலும் தீவனத் தழைகளிலும் அதிகமாகவும், தானியத்திலும் காயிலும் குறைவாகவும் சேர்கிறது. அத்தீவனத்தைத் தின்னும் பசுவின் பாலிலும் சிறிதளவு இறங்கும். தாய்ப்பாலும் இதற்கு விலக்கன்று. 2005-ல் அமெரிக்காவில் 36 தாய்மாரின் பாலைச் சோதித்தபோது, அத்தனையிலும் அது காணப்பட்டது. இதனால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமென்று எவரும் கருதலாகாது; குழந்தைக்கு அதற்கு ஈடான உணவு வேறில்லை. தாய் குடிக்கும் நீரைச் சுத்தமாக்குவதே தக்க வழி. பெர்குளோரேட் தேகத்தில் தங்கிப் பெருகும் பொருளன்று. எட்டு மணி நேரத்துக்குள் அதில் பாதி சிறுநீருடன் வெளியேறிவிடும். நல்ல நீருக்கு மாறிய தாயின் தேகம் சில நாட்களில் அதனின்றும் விடுபடும்.

இவ்விடத்தில் விவசாயிகள் தம் பங்கையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அயோடினைத் தடுக்கும் காரியத்தில் நைட்ரேட் என்னும் உப்பும் பெர்குளோரேட்டுக்குத் துணை நிற்கிறது. அளவுக்கு அளவு பார்த்தால் அதன் வலிமை பெர்குளோரேட்டில் இருநூற்று நாற்பதில் ஒரு பங்கே. ஆனால் கிணற்று நீரில் நைட்ரேட் மைக்ரோகிராம் கணக்கில் அன்றி மில்லிகிராம் கணக்கில் இருப்பதால், வலிமையின் குறையை அளவு ஈடுசெய்துவிடும். யூரியா முதலிய உரங்களை வேண்டியதற்கு மேல் இடுவதும், குப்பைக்குழியும் மாட்டுத் தொழுவமும் கிணற்றை ஒட்டி அமைவதும் நைட்ரேட் சேர்வதற்குக் காரணங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் உள்ள நீர் குடிக்கத்தக்கதன்று என்பது இந்தியக் குடிநீர் விதி.

சாலையில் வேலை செய்யும் ஸ்திரீகள்

காகிதக் குழல் உருட்டுதல், சரம் பின்னுதல், பெட்டியில் அடைத்தல், தீப்பெட்டி ஒட்டுதல் முதலிய வேலைகளில் ஸ்திரீகளே மிகுதியாக ஈடுபடுகின்றனர். மருந்துத் தூள் சுவாசத்தாலும், கையோடு உணவில் சேர்ந்தும், சேலை மடிப்பில் ஒட்டி வீட்டுக்கு வந்தும் தேகத்தை அடையும். ஆகவே வேலைக்குச் செல்லும் பெண், நீர், உணவு, காற்று ஆகிய மூன்று வழியிலும் அப்பொருளைப் பெறக்கூடியவள். உணவுக்கு முன் சவுக்காரமிட்டுக் கை கழுவுதல், மருந்து அறைக்குள் உண்ணாதிருத்தல், வேலைச் சேலையை வேறாக வைத்து மற்றத் துணிகளுடன் கலவாமல் துவைத்தல், வீடு திரும்பியதும் குளித்தபின் குழந்தையை எடுத்தல் ஆகியவை செலவில்லாத காப்புகள். துவைத்த நீரைக் கிணற்றடியில் ஊற்றலாகாது. கர்ப்பமுற்றவர்களை மருந்து தொடும் வேலையினின்றும் காகித வேலைக்கு மாற்றுவது முதலாளிகளின் கடமை. அதற்காகக் கூலியைக் குறைத்தால் பெண்கள் கர்ப்பத்தை மறைத்து வேலை செய்வார்கள். கூலி குறையாத மாற்றமே பலன் தரும்.

2015-ல் டில்லி நகரத்து மூன்று கைக்குழந்தைகளின் பேரால் பட்டாசுப் புகையைக் குறித்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. அதன் விளைவாக 2018 அக்டோபர் 23-ந் தேதியன்று பட்டாசில் பேரியம் உப்புகள் சேர்ப்பதை நீதிமன்றம் தடுத்தது. பட்டாசை வெடிக்கும் நகரத்துக் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றுக்கு இவ்வாறு ஒரு காப்பு உண்டாயிற்று. பட்டாசைச் செய்யும் கிராமத்துக் குழந்தைகள் குடிக்கும் நீருக்கும் அத்தகைய காப்பு வேண்டும். அதை உள்ளூரிலேயே தொடங்கலாம்.

செய்யத்தக்கவை

பட்டாதாரர்கள் கவனிக்க வேண்டியவை:

1. தொழிற்சாலைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது, மருந்துக் கழிவையும் கழுவு நீரையும் எங்கே, எவ்விதம் அகற்றுவது என்பதைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கழிவை வெறும் மண்ணில் புதைப்பதும், ஓடையிலோ பாழ்ங்கிணற்றிலோ கொட்டுவதும் கூடாதென்பது அதில் தெளிவாய் இருத்தல் வேண்டும். பாழ்ங்கிணற்றில் கொட்டியது பக்கத்து நல்ல கிணற்றின் ஊற்றிலும் கலக்கும்.

2. சாலைக்குத் தாழ்ந்த சரிவிலுள்ள கிணறுகளை முதலில் சோதிக்க வேண்டும். சாதாரணமாக நடைபெறும் கிணற்று நீர்ப் பரிசோதனையில் உவர்ப்பு, கடினம், நைட்ரேட், புளோரைடு முதலியவையே பார்க்கப்படுகின்றன. பெர்குளோரேட் அதில் சேர்வதில்லையாகையால், அதன் பெயரைக் குறித்தே சோதனை கேட்க வேண்டும்.

3. முடிவு தெரியும் வரையில் ஐயத்துக்கிடமான கிணற்று நீரைக் கொண்டு கீரையும் பசுந்தீவனமும் பயிரிடாதிருத்தல் நலம்.

4. மண் பரிசோதனைப்படியே உரமிட வேண்டும். குப்பைக்குழியைக் குடிநீர்க் கிணற்றுக்கு எட்டத்திலும் தாழ்ந்த பக்கத்திலும் அமைக்க வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களும் பஞ்சாயத்தாரும் கவனிக்க வேண்டியவை:

1. கிராமப் புலப்படத்தில் தொழிற்சாலைகள், குடிநீர்க் கிணறுகள், ஆழ்துளைக் கிணறுகள், ஓடைகள், கண்மாய்கள் ஆகியவற்றைக் குறித்து, எந்தக் கிணறு எந்தச் சாலையின் சரிவில் உள்ளது என்று ஒரு ஜாபிதா தயாரித்தல் வேண்டும். இதற்குச் செலவில்லை, சோதனைக்கு வருவோருக்கு இதுவே முதல் ஆதாரம்.

2. மார்ச் 22-ந் தேதி உலக நீர் தினத்தன்று கூடும் கிராம சபையில் இந்த ஜாபிதாவை வாசித்து, பெர்குளோரேட் சோதனை வேண்டுமென்று குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தீர்மானம் அனுப்பலாம்.

3. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் நீர் முறை வைத்து வரும் ஊர்களில், கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் போதிய நீர் முதலில் கிடைக்கும்படி ஏற்பாடு செய்யலாம். ஒரு குடும்பத்துக்கு இதற்கு வேண்டியது நாளொன்றுக்கு இரண்டு குடமே. குளிக்கவும் துவைக்கவும் கிணற்று நீரே போதும். தோல் வழியாக இது தேகத்தில் அதிகம் சேர்வதில்லை.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை:

1. அயோடின் கலந்த உப்பையே உபயோகிக்க வேண்டும். தூத்துக்குடி உப்பளங்கள் அருகில் இருப்பதால் வண்டியில் வரும் கல்லுப்பை மூட்டையாக வாங்கும் வழக்கம் இச்சீமையில் உண்டு. கடலில் விளைந்ததாயினும் அவ்வுப்பில் அயோடின் போதிய அளவு இராது. தனியே சேர்த்தாலன்றிப் பயனில்லை. பொட்டலத்தின் மீது அயோடின் கலந்தது என்னும் குறிப்பைப் பார்த்து வாங்கி, மூடிய பாத்திரத்தில் வைத்து, சமையல் முடியும் தறுவாயில் சேர்க்க வேண்டும். சாதாரண மனிதருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கர்ப்பிணிக்கு 250 வேண்டும். காயத்துக்குத் தடவும் அயோடின் மருந்தை இதற்காக உட்கொள்வது பெருந்தீங்கு.

2. கர்ப்பம் தரித்தது தெரிந்தவுடன், மூன்று மாதம் கழியுமுன், கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொண்டு தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும். குறைவு காணப்பட்டால் நாள்தோறும் ஒரு சிறு மாத்திரையால் அதைச் சரிசெய்யலாம்.

3. குழந்தை பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துத் தைராய்டைச் சோதிக்கும் முறை உண்டு. பிறவியிலேயே குறைவுள்ள சிசுவுக்கு முதற் சில வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சி கெடாது. மாதக்கணக்கில் தாமதித்தால் இழந்ததை மீட்பது அரிது. ஆகவே பிரசவ ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் இச்சோதனையைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

4. வீட்டில் நீர் சுத்திசெய்யும் யந்திரம் வாங்குவோர் எதிர்ச் சவ்வூடு முறையில் அமைந்ததையே வாங்க வேண்டும். அதிலிருந்து கழியும் நீரில் பெர்குளோரேட் மிகுந்திருக்குமாதலால், அதை மாட்டுக்கும் கீரைப் பாத்திக்கும் விடலாகாது.

தொழில் நின்றுவிட வேண்டுமென்பது இவற்றின் கருத்தன்று. மழை பொய்க்கும் வருஷங்களில் கரிசல் காட்டுக் குடும்பங்களுக்குக் கஞ்சி வார்ப்பது பெரும்பாலும் அந்தச் சாலைகளில் பெண்கள் ஈட்டும் கூலியே என்பதைப் பட்டாதாரர்கள் நன்கறிவார்கள். அந்தக் கூலியை ஈட்டுபவளின் பிள்ளை மந்தபுத்தியின்றிப் பிறந்து, பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாய் அமர்ந்து படிப்பதற்கு வேண்டியவை பெரிய செலவுகளல்ல: சோதித்த கிணறு, இரண்டு குடம் நல்ல நீர், அயோடின் கலந்த உப்பு, காலத்தில் செய்த இரத்தப் பரிசோதனை. கழிவு மண்ணில் சேராதபடி இன்றே தடுத்தால், வருங்காலத்து மழைகள் ஊற்றுகளைச் சிறிது சிறிதாகக் கழுவிச் சுத்தமாக்கும். தடுக்காவிடில் ஒவ்வொரு மழையும் மேலும் சிறிது உப்பைக் கிணற்றில் சேர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னரே கழிவுக்குழிகளைப் பார்வையிட்டு வேண்டியதைச் செய்வது உத்தமம்.